மர வியாபாரியை அழைத்து வர வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் பாப்பாவும் சுகம். உங்கள் மகனுக்கு உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன். அங்கே உங்கள் மகள் வீட்டில் நீங்களும் அண்ணியும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. அண்ணி வீட்டு மாடிப்படிக்கு ஒரு பக்கம் கைப்பிடி இல்லை என்பது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. இறங்கும்போது சுவர்ப் பக்கமாகவே இறங்குங்கள். செருப்போடு இறங்க வேண்டாம். செருப்பில்லாமலும் வேகமாக இறங்க வேண்டாம்.

உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், உங்கள் கடிதத்தின் ஒரு மூலையும் அவள் வயிற்றுக்குள் போய்விட்டது. மையினால் கெடுதல் வருமா என்று டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன், வராது என்றார், எந்த மை என்று தெரியாமலே எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் யோசனையாகத்தான் இருக்கிறது, பேனா என்ன கம்பெனி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஆனால் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மர வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், கட்டைகளை இழுக்க அவருக்கு ஒரு படகு தேவைப்படுகிறது, படகு என் பெயரில்தான் இருக்கிறது, இன்ஜினைக் கழற்றிப் போட்டிருந்தால் மாட்டி வைக்கவும் என்று எழுதியிருந்த வரிகள் மட்டும் ஓர் எழுத்துகூடச் சேதமில்லாமல் தப்பித்துவிட்டன.

இதைப் போனில் பேசியிருக்கலாம். படகு என்ற சொல் காதில் விழுந்ததுமே "லைன் சரியில்லம்மா" என்று நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியும். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து மர வியாபாரியை அழைத்து வர வேண்டாம். படகு சரியாகிவிட்டது. எப்படிச் சரியானது என்பதை நான் சொன்னால்தான் நீங்கள் நம்புவீர்கள், உங்கள் மகன் சொன்னால் நம்பமாட்டீர்கள், மெக்கானிக் சொன்னால் நானே நம்பமாட்டேன்.

அந்தச் சூப்பர்சார்ஜர் சனியன் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தானே நீங்கள் பையை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனீர்கள். யாரும் உங்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பாப்பாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் ஏறியபோது அக்கரை ஆஸ்பத்திரிக்குப் படகில் போனோமே, நீங்கள்கூட முன்னால் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டு வந்தீர்களே, அப்போது கரை கிட்டே வரவே மாட்டேன் என்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை, "இன்னும் எவ்வளவு தூரம்" என்று மட்டும் கேட்டேன், ஒரு தடவை கேட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், வழி நெடுகக் கேட்டேன் என்று அத்தை சொல்கிறார்கள். பாப்பாவுக்குச் சரியாகிவிட்டது. உங்கள் மகனுக்குத்தான் சரியாகவில்லை. கொஞ்ச நாளில் ஒரு பெட்டியோடு வந்தார், பெட்டிக்குள் அது இருந்தது.

அது என்ன என்று எனக்கும் தெரியாது. கேட்டேன். இன்ஜினுக்குள் காற்றைப் பலவந்தமாக ஊதித் தள்ளுகிற யந்திரமாம். இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாதா என்று கேட்டேன். "போதும், மெதுவாப் போறதுன்னா போதும்" என்றார். காற்று அதிகமானால் அதற்கேற்ற பெட்ரோலும் அதிகமாகப் போக வேண்டுமாம், அந்தப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டு போகிற அழுத்தத்துக்குத்தான் பிரஷர் என்று பெயராம், காற்று வந்து பெட்ரோல் வராவிட்டால் உள்ளே சூடு ஏறிப் பிஸ்டன் ஓட்டையாகிவிடுமாம். இதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாப்பாவின் பல்லுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கவலைப்பட்டது அந்தப் பிஸ்டனைப் பற்றித்தான்.

கவலைப்பட்டது வீண் போகவில்லை. மாட்டிய முதல் நாள் துறையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தார்கள், அருமையாக ஓடியது, புதிதாக வைத்த பிரஷர் மீட்டரில் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மறுநாள் ஆள் ஏற்றிக்கொண்டு போனார். ஆற்றின் நடுவில் வேகம் கொடுத்ததும் முள் சரசரவென்று இறங்கி, இன்ஜின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. உடனே நம் வீட்டு வழக்கப்படி டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறார், இருந்தது, மூடினார், சாவியைத் திருப்பினார், ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. கொஞ்ச தூரம். மறுபடி நின்றது. மறுபடி குச்சி. இப்படியே குச்சி விட்டுக்கொண்டே அக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். படகில் இருந்த தலைமையாசிரியை இறங்கும்போது, "தம்பி, நாளைக்கு நான் நீந்தி வந்துடறேன், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை.

பிறகு பொறுமை வந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும், துறைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். எல்லாரையும் பார்த்து "பொறுமை, பொறுமை" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் வந்தது, ஆனால் ஒரு நட்டு கழலவில்லை என்றால் ஸ்பேனரைத் தண்ணீரில் விட்டெறிகிற மனுஷர், நம் துறையில் தண்ணீர் வற்றினால் ஒரு கடையே போடலாம். அவர் இன்ஜினில் காதை வைத்துக் கேட்டார். மீட்டரைப் பார்க்கவில்லை. "மீட்டர் பொய் சொல்லும் தம்பி, காது பொய் சொல்லாது" என்றார். காது என்ன சொன்னது என்று நான் கேட்டேன்.

"ஃபில்டர்ல தண்ணி, தங்கச்சி."

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார்கள், அதில் தண்ணீர் இல்லை, இருந்தாலும் புதிது மாட்டினார்கள். துறையில் ஓட்டிப் பார்த்தால் அற்புதம். நடு ஆற்றில் இருமல். அடுத்ததாகக் காது, பம்புக்கு வயசாகிவிட்டது என்று சொன்னது. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இன்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப் அது. பழையதை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்று மாட்டினார்கள். துறையில் அற்புதம். நடு ஆற்றுக்குக்கூடப் போகவில்லை, அதற்கு முன்பே நின்றுவிட்டது. எனக்கு இதுதான் புரியவில்லை, மாமா. பெரிய பம்ப் போட்டால் கொஞ்சமாவது நன்றாகத்தானே ஓட வேண்டும்? சீக்கிரம் ஏன் நிற்கிறது? பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, பாப்பாவுக்கு நகம் வெட்டும்போது, இல்லை, நகம் வெட்டும்போது நான் வேறு எதையும் யோசிக்கமாட்டேன், மற்ற நேரமெல்லாம் இதையே யோசித்தேன். இவரிடம் கேட்டால், "அதான் நானும் கேக்கறேன்" என்றார். பொறுமையிடம் கேட்டால், "பொறுமை, தங்கச்சி" என்றார்.

மூன்றாவதாக மாற்றியது ரெகுலேட்டர். காற்று எவ்வளவு வேகமாக உள்ளே போகிறதோ அதற்குத் தகுந்தபடி பெட்ரோல் பிரஷரை ஏற்றி இறக்குகிற சின்னச் சாமான். காற்றின் வேகத்தை அதற்குத் தெரிவிக்க ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகிறது, அதில் ஓட்டை இருந்தால் சேதி போகாதாம். பொறுமை அந்தக் குழாயின் ஒரு முனையை அடைத்துக்கொண்டு மறு முனையில் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிரக் காற்று எங்கேயும் கசியவில்லை. பாப்பாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் சிரிக்கிறாள் என்று அவர் திரும்பத் திரும்ப ஊதினார். அந்த வாரம் முழுக்க இந்தப் படகினால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பிறகுதான் துறைத் தூண் விஷயம். அண்ணிக்கு யாரோ போன் செய்து சொல்லியிருப்பார்கள், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். துறையில் நிற்கும்போது இன்ஜினுக்குப் பாரம் கிடையாது, அதனால்தான் அங்கே நோய் தெரிவதில்லை, பாரம் கொடுத்துப் பார்ப்போம் என்று பொறுமை சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தடிமனான கயிறால் படகைத் தூணோடு கட்டி, முழு வேகம் கொடுத்து, இவர் மீட்டரைப் பார்ப்பது என்று ஏற்பாடு. அந்தத் தூணில்தான் நம் துணிக்கொடியின் ஒரு முனையும் கட்டியிருக்கிறது என்பதை நான் சொன்னேன். "துணி காஞ்சா எடுத்துக்கலாம் தங்கச்சி, அதுக்கென்ன அவசரம்" என்றார் பொறுமை. முழு வேகம் கொடுத்தார்கள். தூண் ஒரு தடவை யோசித்தது. அடுத்த நிமிஷம் தூண், பலகை இரண்டு, துணிக்கொடி, கொடியில் காய்ந்த பாப்பாவின் இடுப்புத் துணிகள் எல்லாம் வரிசையாகப் படகின் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கரையில் நின்ற அத்தை, "டேய், கொடியை விடுடா, படகு போனாப் போகுது" என்று கத்தினார்கள். எதிர்ப் பக்கம் வந்த மீன் படகுக்காரர் ஏதோ ஊர்வலம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாராம்.

ஆனால் மாமா, இதைக் கவனியுங்கள். அன்றைக்கு அவ்வளவு பாரத்தை இழுத்துக்கொண்டு, அவ்வளவு வேகத்தில், வளைவு வரைக்கும் போயும் முள் இறங்கவே இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. திரும்பி வந்து படகிலிருந்து தூணைப் பிரித்துக்கொண்டே இவர் சொன்னார், "பிரஷர் நல்லாத்தான் இருந்துது." அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எதை மாற்றியதால் நன்றாக இருந்தது என்று கேட்டேன். ரெகுலேட்டர் என்றார் பொறுமை. தான் போட்ட சத்தம் என்றார்கள் அத்தை. இரண்டையும் நான் நம்பவில்லை, ஏனென்றால் அன்று சாயங்காலமே ஆள் ஏற்றிக்கொண்டு போய் மறுபடி நடுவில் நின்று குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. இவர் படித்துவிட்டு எழுந்து போய், படகின் பெயர்ப் பலகையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விற்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சித்தப்பா கடையில கணக்கு எழுதக் கூப்பிடறார்" என்றார். சித்தப்பா கடையில் ஜன்னலே கிடையாது, மாமா. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்க்காமல் இருந்தால் இவருக்குத் தலைவலி வரும் என்பது உங்களுக்கும் தெரியும், அது உங்களிடமிருந்து வந்த தலைவலிதான். நீங்கள் அங்கே மாடியில் ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம்தான் நாற்காலி போட்டிருக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்குப் புதுப் பால் பாட்டில் வாங்கியிருந்தோம். பால் சிந்தி அவள் கழுத்து மடிப்பில் போய்ப் புண்ணாகிவிடுமோ என்று நான் மூடி வளையத்தை என் பலம் கொண்ட மட்டும் திருகி வைப்பேன். அவள் ஆசையாகக் குடிக்க ஆரம்பிப்பாள், கொஞ்ச நேரத்தில் ரப்பர் உள்ளே ஒட்டிக்கொண்டு சப்பையாகிவிடும், பால் வராது, உறிஞ்சுவாள், இன்னும் பலமாக உறிஞ்சுவாள், இன்னும் சப்பையாகும், அப்புறம் வீடே அதிர அழுவாள். பால் தீர்ந்துவிட்டதோ என்று நான் வளையத்தைத் தளர்த்திப் பார்ப்பேன், புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், பால் பாதி பாட்டில் இருக்கும், மறுபடி திருகிக் கொடுத்தால் சமர்த்தாகக் குடிப்பாள். கொஞ்ச நேரம். இதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கும் செய்தேன். செய்துகொண்டிருக்கும்போதே கை அப்படியே நின்றுவிட்டது. பல் வருகிற பிள்ளைக்கு ஈறு வலிக்கிறது, பாவம், முன்னைவிடப் பலமாக உறிஞ்சுகிறாள், அதனால் முன்னைவிடச் சீக்கிரம் சப்பையாகிறது. பெரிய பம்ப்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே துறைக்குப் போனேன். பாப்பா இடுப்பில் அழுதுகொண்டு வந்தாள்.

"ஏங்க, ஆத்துல நின்னதும் மூடியத் தெறக்கறீங்களே, அப்ப ஏதாவது சத்தம் வருதா?"

"என்ன சத்தம்?"

"புஸ்ஸுன்னு."

இவர் யோசித்தார். "வரும். பெட்ரோல் டேங்க்னா அப்படித்தான்."

"துறையில தெறந்தா வருமா?"

"துறையில எங்க தெறக்கறது? அது தெறந்தேதான் இருக்கும், குச்சி உள்ள நிக்குமே."

மாமா, இது உங்கள் சட்டம். இந்தப் படகில் பெட்ரோல் மீட்டர் என்றைக்கும் வேலை செய்ததில்லை, கட்டி நிற்கிற படகில் இன்ஜினைத் தொடுவதென்றால் மூடியைத் திறந்து குச்சியைப் போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று நீங்கள் இவருக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி, இவர் கை தானாக அதைச் செய்கிறது. ஃபில்டர் மாற்றினாலும் குச்சி நிற்கிறது, பம்ப் மாற்றினாலும் குச்சி நிற்கிறது, தூணை இழுத்துக்கொண்டு போன அன்றைக்கும் கட்டி நிற்கிற படகு என்ற நினைப்பில் குச்சி டேங்குக்குள் நின்றுகொண்டு கூடவே போயிருக்கிறது. ஆள் ஏற்றும்போது மட்டும்தான் மூடுகிறார். கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபில் நான் கற்றுக்கொண்டதில் மிச்சமிருப்பது ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் என்னவென்றால், படகு நின்றதும் இவர் மூடியைத் திறக்கிறார், பொறுமை பம்பை ஸ்பேனரால் தட்டுகிறார், ஏறியிருக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து உட்காருகிறார்கள், எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கிறது, படகு கிளம்பியதும் அவரவர் தன்னால்தான் என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். பொறுமைக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூடியா தங்கச்சி? இத்தனை சாமான் மாத்தியிருக்கேன், மூடின்னு சொல்றியே" என்றார். காது ஏதாவது சொல்கிறதா என்று கேட்டேன். ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் ஏறிக்கொண்டார். பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு, இரண்டு உயிர் காக்கும் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். மூடியை மூடிவிட்டு ஓரளவு வேகம் கொடுத்தோம், முழு வேகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பிஸ்டன் பாவம். முள் இறங்கியது. யாரும் எதையும் தட்டக் கூடாது, நகரக் கூடாது, பேசக் கூடாது என்றேன். மூடியை மட்டும் திறந்தோம். புஸ். முள் ஏறியது. மூடினோம், கொஞ்சம் பொறுத்து இறங்கியது. திறந்தோம், ஏறியது. நாங்கள் மூன்று பேரும் அந்த முள்ளைச் சுற்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி மூடுவதும் திறப்பதுமாக இருந்தோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. போதும் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் பம்ப் உறிஞ்சி உறிஞ்சித் தோற்றுப்போகும். அதற்கென்று டேங்கிலிருந்து ஒரு குழாய் படகின் பக்கவாட்டில் வெளியே வந்து, மூக்கு மாதிரி ஒரு சின்னத் தகட்டில் முடிகிறது. கரைக்கு வந்ததும் அந்த மூக்கைப் பார்த்தோம். குளவி மண் வைத்து அடைத்திருந்தது. சிமெண்ட் பூசியது போல அவ்வளவு நேர்த்தி. பொறுமை ஒரு கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார், மண்ணோடு கூடவே குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்து வைத்திருந்த சிலந்திகளும் வந்தன. பிள்ளைக்குச் சாப்பாடு வைத்து, காற்றுகூடப் போகாமல் பத்திரமாக மூடிவிட்டுப் போயிருக்கிறது. அதை என்னால் திட்ட முடியவில்லை.

அப்படியானால் உங்கள் காலத்தில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். உங்கள் பழைய மூடி சரியாக உட்காராதே, கந்தல் துணியைச் சுற்றி அழுத்தி வைப்பீர்களே, அந்தச் சந்து வழியாக இத்தனை நாளும் காற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. பழைய இன்ஜினின் பசிக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். சூப்பர்சார்ஜர் மாட்டிய கையோடு உங்கள் மகன் ரப்பர் வளையம் வைத்த புது மூடி ஒன்றும் வாங்கிப் போட்டார். ஆகவே தப்பு சூப்பர்சார்ஜர் மேல் இல்லை. உங்கள் மேலும் இல்லை. உங்கள் மகன் மேல் கொஞ்சம்தான். அவரே, "அப்பாவோட கந்தல் துணிதான்டி இவ்வளவு நாளும் படகை ஓட்டியிருக்கு" என்று சொன்னார். நீங்கள் போனபிறகு உங்களைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் இது. இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஆகையால் எழுதுகிறேன்.

இன்றைக்குச் சாயங்காலம் ஆள் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்துவிட்டார். நடுவில் நிற்கவில்லை. குச்சிக்கு வேலையில்லை. தலைமையாசிரியை இறங்கும்போது, "இன்னைக்கு நல்லா இருந்துது தம்பி" என்றாராம், அதை இவர் சாப்பிடும்போது ஒரு தடவையும் கை கழுவும்போது ஒரு தடவையும் சொன்னார். பாப்பாவுக்கு ஏதாவது என்றால் அக்கரை இப்போது பக்கம்தான் என்ற நினைப்பே எனக்குப் பாதித் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆகவே மாமா, கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். மர வியாபாரியிடம் படகு விற்பனைக்கு இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் வாருங்கள். தூண் புதிதாக நட்டிருக்கிறோம், நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

அத்தை உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் கேட்டார்கள். பாப்பாவுக்கும் எனக்கும் உங்கள் மகனுக்கும், மனசிருந்தால் அந்த இன்ஜினுக்கும், உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டி நிற்கும்,

உங்கள் அன்பு மருமகள்.

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் நேற்று எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். இப்போது உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் காகிதத்தை மடியில் வைத்து எழுதுவதால்தான், வேறொன்றுமில்லை. ஆஸ்பத்திரித் துறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கம் என்று காட்டுகிறேன், ஒரே ஒரு தடவை வா என்று காலையில் இவர் கூப்பிட்டார். நானும் பாப்பாவும் அத்தையும் ஏறினோம். முழு வேகம் கொடுத்தார். மாமா, நான் நேற்று எழுதியது அந்த ஓரளவு வேகத்தைப் பார்த்துவிட்டு. இது வேறு. படகின் முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. கண்ணை மூடினேன், மூடித் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி எங்களைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது, திருப்பிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பாப்பா சிரிக்கிறாள். என் ஒரு செருப்பு ஆற்றோடு போய்விட்டது. இந்த வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நல்ல உடம்போடு கிளம்பினாலும் போய்ச் சேரும்போது நோயாளியாகத்தான் போய்ச் சேருவார்கள். நான் இனிமேல் அதில் ஏறமாட்டேன், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மத்தியானப் பொதுப் படகில் வீட்டுக்குப் போகப்போகிறேன். மர வியாபாரியை அவசியம் அழைத்து வாருங்கள். கட்டை இழுத்தால் அது கொஞ்சம் அடங்கும்.

ஆனால் அத்தை படகிலிருந்து இறங்க மறுக்கிறார்கள். இன்னொரு சுற்று என்றார்கள், போனார்கள், வந்தார்கள், இப்போது இன்னும் ஒன்று என்கிறார்கள். "இத்தனை வருஷம் அந்த மனுஷன் என்னை ஆமை மேல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கார்" என்று துறை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார்கள். படகை விற்பது என்ற பேச்சே கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாதாம், இப்படியே ஆற்றோடு அண்ணி வீட்டுத் துறைக்கு வந்து உங்களைக் கையோடு ஏற்றிக்கொண்டு வரப்போகிறார்களாம்.

இதைத் தபாலில் போட்டால் அவர்கள் முந்திவிடுவார்கள். ஆகவே புது உறை வாங்கி ஒட்டி அவர்களிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அத்தை உங்கள் எதிரில்தான் நிற்கிறார்கள் என்று அர்த்தம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். மர வியாபாரி எங்கே என்று கேட்டால் யாரையும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவருடைய போன் நம்பரை மட்டும் எனக்கு ரகசியமாக அனுப்புங்கள்.